கொள்வோர் அனுபவமே செய்வோர்க்கு முதல்

ஒரு பொருளைச் செய்பவர் ஒருவர்; அதனைக் கொண்டு வாழ்பவர் மற்றொருவர். முற்காலத்தில் இவ்விருவரும் பெரும்பாலும் ஒரே ஊரினராயிருந்தனர். ஏர்க்கலப்பையைச் செய்த தச்சர், உழவரின் உயரத்தையும், அவர்தம் எருதுகளின் வலிமையையும், நிலம் களியோ செம்மண்ணோ என்பதையும் நேரிற் கண்டறிந்தவர். கலப்பை கைக்கு ஒவ்வாதாயின் அது மறுநாட் காலையிலேயே தச்சர் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்துவிடும். கொல்லர் அடித்த அரிவாளும், குயவர் வனைந்த பானையும் இவ்வாறே கொள்வோரின் கண்முன் பிறந்து, அவர்தம் குறைகூறலால் திருந்தி, தலைமுறை தலைமுறையாக வடிவு பெற்றன. இடுப்பில் வைத்தால் வழுவாத வளைவும், கயிறு கட்டினால் நழுவாத கழுத்தும் நம் குடத்துக்கு எந்தக் கலாசாலையின் வரைபடமும் தந்தனவல்ல. தண்ணீர் சுமந்த பெண்மக்களே தந்தனர்.

இந்நாளில் அந்நிலை முற்றும் மாறிவிட்டது. பொருளை வரைபவர் ஒரு நகரத்திலும், அதை வார்ப்பவர் மற்றொரு நகரத்திலும், விற்பவர் வேறோரிடத்திலும் இருக்க, அதனோடு நாள்தோறும் போராடுபவர் எங்கோ ஒரு கிராமத்தில் இருக்கின்றார். பொருள் ஒவ்வாதாயின் அது திரும்பி வருவதற்கு வாசல் இல்லை. வாங்கியவர் தம் விதியை நொந்துகொண்டு அதனைப் பரணில் ஏற்றிவிடுகின்றார். செய்தவரோ அது விற்றுவிட்டதென்று மகிழ்ந்திருக்கின்றார். இருவருக்கும் இடையே வளர்ந்துவிட்ட இவ்விடைவெளியைக் கடப்பதெவ்வாறு என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த பொருள். வாடிக்கையாளரின் அன்றாட அனுபவத்தை நேரிற் சென்று அறிவதும், அவ்வறிவினின்று புதிய கருத்துக்களைத் தோற்றுவிப்பதும், அக்கருத்துக்களை மீண்டும் அவர்தம் கையிலேயே கொடுத்துச் சோதித்துப் பார்ப்பதும், பொருள் செய்யும் தொழிலின் தொடக்கமேயன்றி இறுதி அலங்காரமன்று என்பது நமது துணிபு. நம் கலாசாலையில் கற்று வெளியேறும் மாணாக்கர் பலர் பொறிகளும், கருவிகளும், கைப்பேசியில் இயங்கும் செயலிகளும், அரசாங்கத் திட்டங்களும் வகுப்போராகப் போகின்றமையால், இதனை அவர்கள் முன் வைப்பது நம் கடமையுமாகும்.

முதலில், நம் கண்ணெதிரே உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது கண்டமங்கலம். அவ்வழியே பேருந்திற் செல்வோர் வளவனூரைக் கடந்தபின் மதகடிப்பட்டு, திருபுவனை என்னும் புதுவை ஊர்களுக்குள் புகுந்து, மீண்டும் தமிழ்நாட்டுக் கண்டமங்கலத்தை அடைந்து, அதன்பின் மறுபடியும் புதுவை எல்லைக்குட்பட்ட வில்லியனூரை நோக்கிச் செல்கின்றனர். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் வகுத்துச் சென்ற எல்லைக்கோடு இன்றும் வயல்களினூடே வளைந்து வளைந்து ஓடுகின்றது. சென்னையில் மேசைமேல் ஜில்லாப் படத்தை விரித்துவைத்து ஒரு திட்டம் வகுப்பவர், கண்டமங்கலத்தார் தம் வேலைகளுக்கெல்லாம் மேற்கே விழுப்புரத்துக்கே செல்வர் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், கடுமையான நோய் கண்டால் ஜிப்மர் மருத்துவமனைக்கும், கூலிக்கும் கடைகண்ணிக்கும் புதுவைக்கும் கிழக்கு நோக்கிச் செல்வோர் அங்குப் பலர். படத்திலுள்ள கோடு ஒன்று. மக்களின் கால்கள் இட்ட கோடு மற்றொன்று. முன்னதை அலுவலகத்திலிருந்தே காணலாம். பின்னதைக் காண அவ்வூர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு நாளேனும் நிற்றல் வேண்டும். பொருளாயினும் திட்டமாயினும் பின்னதையறியாமல் வகுக்கப்பட்டது எத்துணைச் செலவிற் செய்யப்பட்டதாயினும் அம்மக்களுக்கு எதிர்த்திசையிலேயே நிற்கும்.

இவ்வுண்மையை விளக்குதற்கு நம் நாட்டிலேயே நடந்த சான்றொன்று உளது. அது தண்ணீர்க் குழாயின் வரலாறு. 1960-களின் பிற்பகுதியிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் நாட்டின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியபோது, பாறை நிலங்களில் ஆழ்துளைக் கிணறுகள் விரைவாகத் தோண்டப்பட்டன. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யூனிசெப் இதற்குப் பெரிதும் துணை செய்தது. அக்கிணறுகளின் மேல் வார்ப்பிரும்பாலாகிய அடிகுழாய்கள் பூட்டப்பட்டன. தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்ததென்று அரசாங்கத்தார் மகிழ்ந்தனர். ஆயின் சில ஆண்டுகளில் அவற்றுட் பெரும்பாலானவை பழுதுற்று ஊமையாய் நின்றன. கிணற்றினடியில் நீர் உண்டு. மேலே குழாயும் உண்டு. பெண்களோ பழையபடி குடத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்கே நடந்தனர். குளத்து நீரோடு வாந்திபேதியும் வீட்டுக்குள் வந்தது.

காரணம் யாது? அவ்வார்ப்பிரும்புக் குழாய்கள் மேனாட்டுப் பண்ணைவீடுகளில் ஒரு குடும்பத்தாரின் தேவைக்கென வகுக்கப்பட்ட வடிவத்தின் வழிவந்தவை. ஒரு பண்ணைவீட்டில் நாளொன்றுக்குச் சில வாளிகள் இறைத்தால் போதும். நம் கிராமத்திலோ விடியுமுன் தொடங்கி இருட்டும்வரை ஊரார் அனைவரும் மாறி மாறி அடிப்பர், பெரியோர் நீண்ட வீச்சாகவும், சிறுவர் கைப்பிடியிலே தொங்கிக்கொண்டு சிறு சிறு வீச்சாகவும் அடிப்பர், கைப்பிடி பக்கவாட்டில் ஆடும், ஆணி தேயும், வார்ப்பு வெடிக்கும். குழாயைச் செய்தோர் நீரின் ஆழத்தைக் கணக்கிட்டனர்; உலோகத்தின் எடையைக் கணக்கிட்டனர்; நாளொன்றுக்கு எத்தனை கைகள் அதனைத் தொடும் என்னும் ஒன்றை மட்டும் கணக்கிடாது விட்டனர். அக்கணக்கு எந்தப் பொறியியல் நூலிலும் இல்லை, குழாயடியிலேயே இருந்தது.

இதனை முதலிற் கண்டுகொண்டவர்கள் குழாயடிக்கு அருகில் வாழ்ந்தவர்களே என்பது கருதத்தக்கது. மகாராட்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் முதலிய இடங்களில் மிஷன் நீர்ப்பணிகளைச் சேர்ந்தோர் தாங்கள் பூட்டிய குழாய்களைத் தாங்களே பழுதுபார்க்க வேண்டியவராயிருந்தமையால், எவ்வுறுப்பு எத்தனை நாளில் உடைகின்றதென்பதை நேரில் அறிந்தனர். அவ்வனுபவத்தினின்று, வார்ப்பிரும்பை விடுத்து எஃகினாற் செய்யப்பட்டதும், கைப்பிடி ஒரே அச்சில் இயங்கிச் சங்கிலியால் உள்தண்டை இழுப்பதுமாகிய சோலாப்பூர்க் குழாய் பிறந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு யூனிசெப்பும், இந்திய அரசாங்கத்தாரும், சென்னையிலிருந்த ரிச்சர்ட்ஸன் அண்டு குரூடாஸ் என்னும் அரசாங்கத் தொழிற்சாலையும் சேர்ந்து ‘இந்தியா மார்க் 2’ எனப்படும் குழாயை உருவாக்கினர்.

நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது அதன்பின் நிகழ்ந்தது. புதிய வடிவம் கிடைத்தவுடன் அதனை நாடெங்கும் அனுப்பிவிடவில்லை. 1970-களின் நடுவிற் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆழ்கிணறுகளில் மாதிரிக் குழாய்களைப் பூட்டி, கிராமத்தார் நாள்முழுதும் அடிக்குமாறு விட்டு, தேய்ந்ததையும் உடைந்ததையும் குறித்து, திருத்தி, மீண்டும் பூட்டினர். அதன்பின்னரே தொழிற்சாலையில் பெருமளவிற் செய்யத் தொடங்கினர். எவருக்கும் தனியுரிமை இல்லாதபடி அவ்வடிவம் பொதுவாக்கப்பட்டது. பிற்காலத்தில் நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் பல இலட்சம் குழாய்கள் அவ்வடிவிற் பூட்டப்பட்டன. நம் தென்னார்க்காட்டுக் கிராமங்களிலும் பள்ளிக்கூட வாசலிலும் கோயில் திடலிலும் அந்த அடிபம்பின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர் இக்கட்டுரையைப் படிப்போருள் பலர் இருப்பர்.

அத்துடன் அவர்கள் அமைந்துவிடவுமில்லை. குழாய் உறுதியாயிற்று, ஆனால் அதன் உள்ளுறுப்பு பழுதுற்றால் கிணற்றுள் இறங்கிய இரும்புக் குழாய் முழுவதையும் வெளியே தூக்கியாக வேண்டும். அதற்குத் தக்க கருவிகளோடு ஒரு வண்டியும் ஒரு கூட்டமும் தொலைவிலுள்ள நகரத்திலிருந்து வருதல் வேண்டும். கூட்டம் வரும்வரை ஊரார் காத்திருத்தல் வேண்டும். வரைந்தவர் கணக்கில் அது பழுதுபார்க்கும் கால அளவு. குடத்தோடு நிற்கும் தாய்க்கோ அது தண்ணீரில்லாத நாள்கள். இவ்வனுபவத்தையும் கேட்டறிந்தபின், 1983 முதல் 1988 வரை கோயம்புத்தூர்ப் பகுதியிலேயே மற்றொரு நீண்ட சோதனை நடைபெற்றது. அதன் பயனாக, பெருங்குழாயைத் தூக்காமலே உள்தண்டையும் உருளையின் உறுப்புக்களையும் மேலே உருவியெடுக்கத்தக்க ‘மார்க் 3’ தோன்றியது. இதனால் ஊரிலுள்ளோரே எளிய கருவிகளைக்கொண்டு பழுதுபார்த்தல் இயல்வதாயிற்று. முதற் குழாய் ‘உடைகிறது’ என்ற துன்பத்துக்கு விடை. இரண்டாவது, ‘காத்திருக்கிறோம்’ என்ற துன்பத்துக்கு விடை. துன்பத்தின் பெயரைச் சரியாக அறிந்தாலன்றி விடையின் வடிவம் சரியாக அமையாது.

இனி, கண்டமங்கலத்துக்குச் சில மைல் தொலைவிலேயே நடந்த மற்றொரு முயற்சியைக் காண்போம். 1988-இல் நிறுவப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998-ஆம் ஆண்டு வில்லியனூரை நடுவாகக் கொண்டு, சுற்றிலுமுள்ள புதுவைக் கிராமங்களில் அறிவு நிலையங்களை அமைத்தனர். கணிப்பொறியும் இணையமும் நம் நகரங்களிலேயே புதுமையாயிருந்த காலம் அது. கணிப்பொறியைக் கொண்டுபோய் ஊர்ச்சாவடியில் வைத்துவிட்டால் அறிவு தானே பரவும் என்று கருதியிருப்பாராயின், அவையும் சில மாதங்களில் ஊமைக் குழாய்களாகவே நின்றிருக்கும். அவர்கள் முதலிற் செய்தது, கிராமத்தார் இப்போது செய்திகளை எவ்வாறு அறிந்துகொள்கின்றனர் என்று விசாரித்தது. கடைக்காரரும், சந்தையும், அண்டைவீட்டாருமே பெரும்பாலோர்க்குச் செய்தி வாயில்கள் என்பது அதனால் தெரியவந்தது. உரத்தின் விலையை உரம் விற்பவரிடமே கேட்டறிய வேண்டிய நிலை எத்தகையதென்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அதனை அறிந்தபின் அவர்கள் அமைத்த நிலையங்களில் உலக விவகாரங்களைவிட உள்ளூர் விவகாரங்களே முதலிடம் பெற்றன: நெல் விலை, உரம் விதை விலை, மருத்துவர் வரும் நாள், பேருந்து நேரம், ஏழைகளுக்குரிய அரசாங்கத் திட்டங்களின் விவரம். எல்லாம் தமிழில். தொலைபேசி செவ்வையாக இயங்காமையின் கம்பியில்லாத் தொடர்பைக் கையாண்டனர். மின்சாரம் அடிக்கடி நின்றமையின் சூரிய ஒளியைத் துணைக்கொண்டனர். ஊராரே இடம் கொடுத்தல் வேண்டும், ஊராரே நிலையத்தை நடத்துவோரைத் தெரிந்தெடுத்தல் வேண்டும், சாதி வேறுபாடின்றி எவரும் உள்ளே வர இயலுதல் வேண்டும் என்பன நிபந்தனைகள். நிலையங்களை நடத்தியவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். இவையெல்லாம் நற்குணத்தின் அலங்காரங்களென்று எண்ணற்க. யார் உள்ளே வரத் தயங்குவர் என்பதை அறிந்து, அத்தயக்கத்தை நீக்குமாறு வாசலை அமைத்தலும் ஒரு பொறியியலே.

வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரில் வேண்டப்பட்ட செய்தி வேறு. அலையின் உயரம் தெரியாமற் கடலுக்குட் செல்வோர் உயிரைப் பணயம் வைக்கின்றனர். அமெரிக்கக் கடற்படையாரின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலையளவு வெளியாவதை அறிந்து, அதனை நாள்தோறும் எடுத்துத் தமிழாக்கி, அதன்பின் கணிப்பொறித் திரையிலேயே நிறுத்திவிடாமல், ஒலிபெருக்கியில் ஊருக்குக் கேட்குமாறு கூறினர். ஏன்? வலையும் கையுமாகக் கரையில் நிற்பவர் ஓர் அறைக்குள் வந்து திரையைப் படித்துக்கொண்டிரார். அவர் செவி எங்கே இருக்கின்றதோ அங்கே செய்தி செல்லுதல் வேண்டும்.

இதன் பயன் பின்னர் எதிர்பாராத வகையில் விளங்கியது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, அந்நிலையங்களுள் ஒன்றிருந்த நல்லவாடு என்னும் மீனவர் ஊருக்கு, சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் அபாயத்தை அறிவித்தார். உடனே ஊரார் நிலையத்தின் ஒலிபெருக்கியை முழக்கி அனைவரையும் கரையைவிட்டு அகற்றினர். ஊரிலுள்ளோர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிர் தப்பினர். அலையளவு கூறுதற்கென்று வைத்த கருவி, மக்களின் அன்றாட வாழ்வோடு பொருந்திய இடத்தில் இருந்தமையால், ஆபத்து நாளில் எவருக்கும் புதிதாக விளக்க வேண்டாமலே பயன்பட்டது. பழக்கத்தோடு இசைந்த பொருளே பரபரப்பில் கைகொடுக்கும்.

இவ்விரு சான்றுகளினின்றும் நாம் பெறத்தக்க முறை யாதென்பதைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, காணுதல். ஒருவர் தம் வேலையைச் செய்யுமிடத்தில், செய்யும் நேரத்தில், குறுக்கிடாமல் உடனிருந்து காணுதல். இரண்டாவது, கேட்டல். ‘உமக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்பதைவிட, ‘நேற்று இதனை எவ்வாறு செய்தீர்? எங்கே தடைப்பட்டது? அப்போது என்ன செய்து சமாளித்தீர்?’ என்று கேட்டல் நன்று. கிழிந்த தோள்வாரில் சுற்றிய பழந்துணியும், உடைந்த பிடியிற் கட்டிய சைக்கிள் டியூபும், செய்தவர் மறந்ததைக் கொண்டவர் நிரப்பிய இடங்கள். அவை ஒவ்வொன்றும் ஒரு புதிய கருத்தின் விதை. மூன்றாவது, விரைவாகவும் மலிவாகவும் ஒரு மாதிரி செய்தல். அட்டையாலும் களிமண்ணாலும் மூங்கிலாலும் செய்யலாம். செயலியாயின் தாளிற் கட்டங்கள் வரைந்தே காட்டலாம். நான்காவது, அம்மாதிரியைக் கொள்வோர் கையிற் கொடுத்துவிட்டு, விளக்கவுரை கூறாமல் வாய்மூடி நிற்றல். அவர் கை எங்கே தயங்குகின்றதோ அங்கே பிழையிருக்கின்றது. அந்தத் தேர்வில் வினாத்தாள் நம் பொருளுக்கே, அவருக்கன்று. அவர் தவறு செய்தால் தேறாதது நம் பொருளே.

இவற்றுள் கேட்டலில் ஒரு தொல்லை உண்டு. நம் மக்கள் விருந்தோம்பும் பண்புடையவர். வெயிலில் நடந்துவந்த கல்லூரிப் பிள்ளை ஒரு பொருளைக் காட்டி, ‘எப்படி இருக்கிறதம்மா?’ என்று கேட்டால், மோர் கொடுத்து உட்காரவைத்த அம்மையார், ‘நன்றாயிருக்கிறது, தம்பி’ என்றே கூறுவார். அது உபசார வார்த்தை. அதனைச் சான்றாகக் கொண்டு தொழிற்சாலை கட்டுவோன் ஏமாறுவான். பொருளை ஒரு வாரம் அவர் வீட்டில் விட்டுவைத்துப் பின்னர்ச் சென்று பார்த்தல் வேண்டும். அது அடுப்பங்கரையில் கரிபடிந்து கிடப்பின் நற்செய்தி. அலமாரியிற் பளபளப்பாக இருப்பின் அதனை அவர் தொடவில்லை என்று அறிக.

உபசாரம் மறைப்பதுபோலவே நாணமும் உண்மையை மறைக்கும். கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், பெண்களுக்குரிய மாதவிலக்குத் துணியின் துன்பத்தைத் தம் மனைவியாரின் வாழ்விலே கண்டு, மலிவான மாற்றுப்பொருள் செய்ய முயன்றபோது, அதனைப் பயன்படுத்திப் பார்த்து உண்மை கூற எவரும் முன்வரவில்லை. மருத்துவக் கல்லூரி மாணவியரிடம் கொடுத்த வினாத்தாள்களும் உள்ளவாறு நிரப்பப்படவில்லை என்று அவரே கூறியுள்ளார். இறுதியில் அவர் தாமே அதனை அணிந்து சோதித்தார், ஊரார் நகைத்தனர், அவர் பின்வாங்கவில்லை. பின்னர் அவர் செய்த சிறு பொறி பல மாநிலங்களிற் பெண்கள் குழுக்களின் கைத்தொழிலாயிற்று. 2016-இல் அவருக்குப் பத்மஶ்ரீ விருது அளிக்கப்பட்டது. பிறர் கூற நாணுவதைத் தம் உடலிலே வாங்கி அறிய முற்பட்ட அத்துணிவே அவருடைய ஆராய்ச்சிசாலை எனலாம்.

இனி இம்முறைக்கு எதிராகக் கூறப்படும் தடைகளை நோக்குவோம். ‘கொள்வோர்க்குத் தமக்கு வேண்டியது யாதென்று தெரியாது; அறிஞரே அதனை அறிவர்’ என்பர் சிலர். இதில் பாதி உண்மை உண்டு. குழாயடிப் பெண்கள் எவரும், ‘உருவியெடுக்கத்தக்க உள்ளுறுப்பு வேண்டும்’ என்று விண்ணப்பித்தாரல்லர். அவர் கூறியது தண்ணீர் வரவில்லை என்பதே. துன்பத்தைக் கூறுவது கொள்வோர் பங்கு. அதனை உறுப்பாகவும் வடிவாகவும் மாற்றுவது செய்வோர் பங்கு. அறிஞரின் அறிவு இதனாற் குறைபடுவதில்லை. அதற்கு வேலை கிடைக்கின்றது. திருவள்ளுவர் மருத்துவத்தின் உறுப்புக்களை எண்ணுமிடத்து மருத்துவனையும் மருந்தையும் மட்டும் எண்ணாமல், நோயுற்றவனையும் அவற்றோடு ஓர் உறுப்பாகவே வைத்தார். நோயாளியை நீக்கிவிட்டு மருத்துவம் இல்லை.

1968-ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூர் நகரில் உருவான செயற்கைக் காலையும் இதற்குச் சான்று காட்டலாம். மேனாட்டுச் செயற்கைக் கால் நுண்ணிய அறிவோடு செய்யப்பட்டதே. ஆனால் அது காலணியோடு நடப்பவர்க்கும், நாற்காலியில் அமர்பவர்க்கும் உரியது. நம் உழவரோ வெறுங்காலோடு சேற்றில் இறங்குவர், குந்தியிருப்பர், சம்மணமிட்டு உண்பர், செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குட் செல்வர். அக்காலைப் பெற்றவர் பலர் அதனை மூலையில் வைத்துவிட்டுக் கோலூன்றியே நடந்ததற்குக் காரணம் இதுவே. கைவினைஞரான இராமச்சந்திர சர்மாவும், டாக்டர் பி. கே. சேத்தியும் பிற மருத்துவரும் கூடி, ரப்பரையும் மரத்தையும் கொண்டு நம் மக்களின் நடையையும் இருக்கையையும் ஒட்டிய பாதத்தை அமைத்தனர். எழுத்தறிவு மிகாத கைவினைஞரின் கண்ணும், நூலறிவு மிக்க மருத்துவரின் கண்ணும் ஒரே நோயாளியின் நடையைச் சேர்ந்து நோக்கியதன் பயன் அது.

‘இதற்குக் காலமும் பணமும் செலவாகும்’ என்பது இரண்டாவது தடை. ஆகும், மறுப்பதற்கில்லை. ஆயின் பன்னிரண்டு மாதிரிகளைச் சோதிக்கும் செலவையும், பல்லாயிரம் ஊமைக் குழாய்களைப் பூட்டிய செலவையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தல் வேண்டும். பின்னதோடு குளத்து நீரால் நோயுற்ற குழந்தைகளையும் சேர்த்து நிறுத்தல் வேண்டும். அவசரத்திற் செய்த பொருளின் விலையைச் செய்தவர் செலுத்துவதில்லை, கொண்டவரே செலுத்துகின்றார். அதனாலேயே செய்வோர்க்கு அவசரம் மலிவாகத் தோன்றுகின்றது.

மூன்றாவதாகக் கூறப்படுவது தடையன்று, எச்சரிக்கை. அதனை நாம் முழுமனத்தோடு ஏற்கின்றோம். கொள்வோரை அறிதல் என்ற பெயரால் இந்நாளிற் பெருங் கம்பெனிகள் மக்களின் கைப்பேசிக்குட் புகுந்து, அவர் எதை நோக்கினார், எவ்வளவு நேரம் நோக்கினார், எங்கே சென்றார் என்பனவற்றையெல்லாம் அவரறியாமலே திரட்டுகின்றன. அதுவும் அறிவுதான், தூண்டிற்காரன் மீனின் பசியை அறிந்துவைத்திருக்கும் அறிவு. நாம் கூறும் அறிவு வேறு. அனுமதி கேட்டு வாசலில் நின்று, முகத்தை நோக்கிப் பேசி, அறிந்ததை அவர் நன்மைக்கே பயன்படுத்தி, பயன்பட்டதா என்று கூற மீண்டும் அவ்வாசலுக்கே வரும் அறிவு அது. ஏழைகளின் வீட்டைக் காட்சிச்சாலையாக எண்ணிக் கூட்டமாய்ச் சென்று படமெடுத்துத் திரும்புவதும் நமக்குத் தகாது. ஒருவரின் துன்பத்தைக் கேட்டறிந்தவன் அத்துன்பத்துக்குக் கடன்பட்டவனாகின்றான்.

இறுதியாக, நம் கலாசாலை இதில் யாது செய்யலாம் என்பதைக் குறித்து எம் அபிப்பிராயத்தைத் தெரிவிக்கின்றோம். இறுதியாண்டு மாணாக்கர் ஆண்டுதோறும் செய்முறை ஆராய்ச்சி ஒன்று செய்து அறிக்கை எழுதுகின்றனர். அவ்வறிக்கைகள் அழகாகக் கட்டடம் செய்யப்பட்டுப் புத்தகசாலையில் உறங்குகின்றன. இனி ஒவ்வோர் ஆராய்ச்சிக்கும் முன்னர் ஒரு பருவகாலத்தில் சில வாரங்களேனும் கண்டமங்கலம் போன்ற ஊர்களிற் கழிக்கப்படுதல் வேண்டும் என விதி செய்யலாம். பதினாறு லிட்டர் மருந்துத் தெளிப்பானை முதுகிற் சுமந்து கரும்பிலும் நெல்லிலும் நடக்கும் தொழிலாளியின் பின்னே ஒரு காலைப்பொழுது நடந்து பார்க்கட்டும். தோள்வார் எங்கே அறுக்கின்றது, மருந்து எங்கே முதுகில் ஒழுகுகின்றது என்று காணட்டும். பால்கேனை இருசக்கர வண்டியிற் கட்டி எல்லை தாண்டிச் செல்பவரோடும், பூத்தொடுத்துப் பேருந்தேறும் முதியவளோடும், கைப்பேசியில் வந்த அரசாங்கச் செய்தியைப் படித்துக்காட்டப் பேரனைத் தேடும் பாட்டனோடும் இருந்து பார்க்கட்டும். அதன்பின் மாதிரி செய்யட்டும், அவர்கள் கையிற் கொடுக்கட்டும், தோற்கட்டும், திருத்தட்டும். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியரின் கையொப்பத்துக்கு மேலே, அதனைப் பயன்படுத்திப் பார்த்தவர் கூறிய குறைகள் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அப்பக்கம் வெறுமையாயிருக்கும் அறிக்கைக்கு மதிப்பெண் வழங்குதல் கூடாது என்பது எம் கருத்து.

ஆசிரியப் பெருமக்களுக்கு இதனாற் சுமை கூடும் என்பதை அறிவோம். பாடத்திட்டத்தை முடிக்கவே நாள் போதாது என்பர். ஆயினும், பாடத்திட்டம் எதற்கு முடிக்கப்படுகின்றதோ அதற்கே இம்முயற்சி வாயில் என்பதை அவர்கள் மறுக்கமாட்டார். தொழிற்சாலைகளிலும் அரசாங்க அலுவலகங்களிலும் உயர்பதவி வகிக்கும் பழைய மாணாக்கர்கள், தங்கள் பொருளோ திட்டமோ இறங்கும் ஊர்களை மாணாக்கர்க்குக் காட்டி, அவர்கள் கொண்டுவரும் குறைகளைச் செவிமடுக்க இசைவார்களாயின், அது கட்டட நிதிக்கு அளிக்கும் நன்கொடையினும் பெரிய நன்கொடையாகும். குறைகேட்கும் செவி கிடைப்பது பணம் கிடைப்பதைவிட அரிது.

மாணாக்கர்களே! நீங்கள் நாளை செய்யப்போகும் பொருள்களும் திட்டங்களும் உங்கள் பெயரைத் தாங்கமாட்டா. அடிகுழாயை வகுத்தவர் பெயரைக் குழாயடியில் எவரும் கூறுவதில்லை. ஆனால் கைப்பிடியை அழுத்தியவுடன் நீர் வருகின்றது. அடிப்பவள் அதனை ஒரு புதுமையாகவே எண்ணாமற் குடத்தை நிரப்பிக்கொண்டு வீடு செல்கின்றாள். செய்தவர்க்கு அதனினும் சிறந்த பாராட்டு வேறில்லை. அப்பாராட்டுக்கு உரியவராகும் பொருட்டு, வரைபலகையை விரிப்பதற்குமுன் ஊர்ப்பேருந்து ஒன்றில் ஏறி, கண்டமங்கலத்திலோ அதற்கப்பாலுள்ள சிற்றூரிலோ இறங்கி, ஒரு திண்ணையில் அனுமதி பெற்று அமர்ந்து, கண்ணையும் செவியையும் திறந்து வைப்பீர்களாக.